இயலும் அறம்: மணிமேகலையின் சாதுவன் – நாகர் உரையாடலும் இராமநாதபுர மண்ணின் குற்றப் பரம்பரை வரலாறும்

ஆய்வுச் சுருக்கம்

தீங்கிழைக்கும் ஒரு குழுவினரைப் பரிவினால் மாற்ற இயலுமா என்பது தமிழ் இலக்கியம் நெடுங்காலமாக எழுப்பி வரும் வினா. மணிமேகலையின் ‘ஆதிரை பிச்சையிட்ட காதை’யில் இடம்பெறும் சாதுவன் – நாகர் தலைவன் உரையாடல் இவ்வினாவிற்கு விரிவான விடை ஒன்றைத் தருகிறது. மொழியறிவு, எதிர்வினாவிற்கு இடமளித்தல், கடைப்பிடிக்க இயலும் அறத்தை வகுத்தல், செய்த தீங்கைத் தானே ஒப்புதல் ஆகிய நான்கு கூறுகள் அவ்வுரையாடலில் அமைந்துள்ளதை இக்கட்டுரை எடுத்துக்காட்டுகிறது. தீங்குற்றோரை அவ்வுரையாடல் மறந்துவிடுவதையும் சுட்டுகிறது. காவியத்திலிருந்து பெறும் இவ்வளவுகோலைக் கொண்டு, இராமநாதபுரப் பகுதியில் நடைமுறைப்படுத்தப்பட்ட குற்றப் பரம்பரைச் சட்டத்தின் ‘சீர்திருத்த’ச் சொல்லாடல் மதிப்பிடப்படுகிறது.

திறவுச்சொற்கள்: மணிமேகலை, சாதுவன், நாகர், குற்றப் பரம்பரைச் சட்டம், ஆப்பநாடு, சீர்மரபினர், பரிவு

முன்னுரை

சீத்தலைச் சாத்தனாரின் மணிமேகலை 30 காதைகளைக் கொண்டது. அதன் 16-ஆவது காதையாகிய ‘ஆதிரை பிச்சையிட்ட காதை’ கற்பின் சிறப்பைக் கூறும் பகுதியாகவும், பௌத்த அறத்தின் பரவலைக் காட்டும் பகுதியாகவும் பெரும்பாலும் வாசிக்கப்படுகிறது. இவ்விரு வாசிப்புகளுக்கும் பனுவலில் இடமுண்டு. ஆயினும் அக்காதையின் நடுப்பகுதி, மனிதரைக் கொன்று உண்ணும் ஒரு குழுவினர் அத்தொழிலைக் கைவிட்ட நிகழ்வை ஏறக்குறைய ஒரு நாடகக் காட்சியைப் போலப் படிப்படியாக விவரிக்கிறது. அம்மாற்றம் எவ்வாறு நிகழ்ந்தது என்னும் கேள்வியைத் தனித்து ஆராய வேண்டிய தேவை உள்ளது.

இத்தேவை இலக்கியத்தோடு முடிவதன்று. ஒரு குழுவினரைத் தீங்கிழைப்போர் என வகுத்து அவர்களைத் ‘திருத்த’ முற்பட்ட வரலாறு தமிழ் நிலத்தில், குறிப்பாக இராமநாதபுரத்தின் கமுதி, முதுகுளத்தூர்ப் பகுதிகளில், இருபதாம் நூற்றாண்டில் நிகழ்ந்தது. அவ்வரலாற்றை அலசுவோர் பெரும்பாலும் சட்ட ஆவணங்களையும் அரசியல் போராட்டங்களையும் சான்றாகக் கொள்வர். திருத்துதல் என்றால் என்ன, யார் யாரைத் திருத்த முடியும் என்னும் அடிப்படைக் கேள்விக்குத் தமிழ் மரபே வைத்திருக்கும் விடையோடு அதனை ஒப்பிட்டுக் காண்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. திருத்த வந்தவன் யார்?

சாதுவன் காவிரிப்பூம்பட்டினத்து வணிகன், ஆதிரையின் கணவன். மனைவியைத் துறந்து கணிகை ஒருத்தியிடம் சேர்ந்து, சூதிலும் பொருளை இழந்து, கையிருப்புத் தீர்ந்ததும் அவளால் விலக்கப்பட்டவன். இழந்ததை ஈட்டும் பொருட்டு வங்கத்து வணிகருடன் கடலேறுகிறான். கலம் உடைகிறது. ஒடிந்த மரத்தைப் பற்றி நீந்தி நாகர் வாழும் மலையை அடைகிறான். களைப்பால் மரநிழலில் உறங்கியவனைக் கண்ட நாகர், உடலோடு கூடிய உணவு கிடைத்தது எனக் கருதி எழுப்புகின்றனர்.

இங்குக் கருதத்தக்க செய்தி ஒன்று உண்டு. நாகரை மாற்றப்போகும் இம்மனிதன் துறவியோ அறவோனோ அல்லன். தன் இல்லத்தில் தீங்கிழைத்தவன். அத்தீங்கின் விளைவாகவே அக்கரையில் ஒதுங்கியவன். மணிமேகலையில் அறம் உரைப்பதற்கு அறவண அடிகளைப் போன்ற சான்றோர் இருக்கின்றனர். இப்பணிக்குச் சாத்தனார் அவர்களை அனுப்பவில்லை. தீங்கை வெளியிலிருந்து பார்ப்பவனைவிட, தன்னிடத்தும் அதனை அறிந்தவனே தீங்கிழைப்போனுடன் சமமாக அமர்ந்து பேச வல்லவன் என்னும் புரிதலுக்குக் கதையமைப்பு இடம் தருகிறது. சாதுவன் படையோ அரசாணையோ உடையவனாக வரவில்லை என்பதும் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது. உரையாடல் தோற்றால் உயிரிழப்பவன் அவனே.

2. மொழியும் எதிர்வினாவும்

சாதுவனைக் காப்பாற்றிய முதற்கருவி மொழி. நாகரின் மொழியை அவன் பிழையறக் கற்றிருந்தான். அவர்கள் பேச்சுக்கு அவர்கள் மொழியிலேயே விடையிறுத்ததும் அவர்கள் விலகி நின்று தொழுது, தம் தலைவனிடம் அழைத்துச் செல்கின்றனர். அறவுரை தொடங்கும் முன்பே, ஒருவன் தம் மொழியைப் பேசுகிறான் என்ற அளவிலேயே கொலை நின்றுவிடுகிறது. உணவாகக் கருதப்பட்ட உடல், பேசியதும் விருந்தினன் ஆகிறது.

அடுத்து, தலைவனின் விருந்தோம்பல். இளநங்கை ஒருத்தியையும் கள்ளையும் ஊனையும் அளிக்குமாறு அவன் பணிக்கிறான். சாதுவன் மறுக்கிறான். மறுப்பிற்குக் காரணம் கேட்கும் தலைவன், பெண்ணும் உணவும் இல்லையெனில் உலகில் மாந்தர்க்கு வேறு பயன் யாது என வினவுகிறான். கொல்லாமை, பிறப்பு இறப்பு, நல்வினை தீவினைகளின் பயன் ஆகியவற்றைச் சாதுவன் எடுத்துரைக்கிறான். அதனைத் தலைவன் உடனே ஏற்கவில்லை. உடலை விட்டு நீங்கும் உயிர் வேறோர் இடத்திற் சென்று புகும் என்கிறாயே, அது எவ்வாறு புகும் எனத் தடை எழுப்புகிறான். சாதுவன் சினம் கொள்ளாமல் அதற்கு விடை கூறுவதாகச் சாத்தனார் குறிப்பிடுகிறார்.

சினமின்மையைப் புலவர் வெளிப்படையாகச் சுட்டியிருப்பது எண்ணத்தக்கது. திருத்த வருவோரின் பரிவு பெரும்பாலும் எதிர்வினா எழும் இடத்திலேயே முறிந்துவிடும். ‘நன்மை செய்ய வந்த என்னையே வினவுகிறாயா’ என்னும் சினம் அப்பொழுது தலைதூக்கும். அச்சினம் எழாததால்தான் நாகர் தலைவன் கேட்போனாக மட்டும் நின்றுவிடாமல் வாதிடுவோனாகவும் இருக்க முடிகிறது. அவனது மாற்றம் வாதத்தின் முடிவில் அவனே எட்டிய இசைவாகும்.

3. இயலும் அறம்

காதையின் மையம் இதன்பின் வருகிறது. சாதுவனின் உரையை ஏற்று அடிபணிந்த தலைவன், முழுமையாக மாறிவிட்டதாகக் கூறவில்லை. கள்ளையும் ஊனையும் கைவிட்டால் தன்னால் உயிர்தரிக்க இயலாது என வெளிப்படையாகக் கூறித் தங்களுக்குப் பொருந்தும் அறத்தை எடுத்துரைக்குமாறு வேண்டுகிறான். பௌத்தக் காப்பியம் ஒன்றில், ஐவகைச் சீலத்தை வலியுறுத்தும் கதைக்களத்தில், இவ்வேண்டுகோள் மறுக்கப்பட்டிருந்தால் வியப்பில்லை. சாதுவன் மறுக்கவில்லை. கலம் உடைந்து உயிர்பிழைத்துக் கரையேறுவோரைக் கொல்லும் தொழிலை விட்டு அவர்தம் உயிரைக் காக்க வேண்டும். மூத்து இறந்த விலங்குகளை அன்றிப் பிற உயிர்க்குத் தீங்கு செய்தலை ஒழிக்க வேண்டும் என்ற அளவில் அறத்தை வகுத்துத் தருகிறான். கள் பற்றி அவன் வற்புறுத்தவில்லை. ஊன் முற்றிலும் விலக்கப்படவில்லை.

இவ்வறம் இருவகையில் நுட்பமானது. முதலாவதாக, அது தீங்கின் அளவைப் பிரித்தறிகிறது. மனிதக் கொலையையும் உணவுப் பழக்கத்தையும் ஒரே குற்றமாகக் கருதாமல், முதலில் நிற்க வேண்டியதை முதலில் நிறுத்துகிறது. இரண்டாவதாக, நாகர் நாகராகவே வாழ்வதற்கு இடமளிக்கிறது. அவர்கள் ஊர் மாறவில்லை, உடை மாறவில்லை, தலைவனும் மாறவில்லை. தங்களால் செய்ய இயன்ற இவ்வறத்தைச் செய்வோம் எனத் தலைவன் உறுதி கூறும்பொழுது, கொடுத்தவனுக்கும் ஏற்றவனுக்கும் இடையே ஓர் உடன்படிக்கை உருவாகிறது.

அவ்வுடன்படிக்கையின் முடிவில் மற்றொன்றும் நிகழ்கிறது. முற்காலங்களில் கலம் கவிழ்ந்து வந்தோரைத் தாங்கள் உண்டதைத் தலைவன் தானே எடுத்துரைத்து, அவர்கள் விட்டுச்சென்ற அகில், சந்தனம், துகில் முதலிய பொருள்களைக் கொணர்ந்து தருகிறான். எவரும் வினவாதபோது தோன்றும் இவ்வொப்புதல், அச்சத்தால் பெறப்படும் வாக்குமூலத்திலிருந்து முற்றிலும் வேறுபட்டது.

4. காவியத்தின் மௌனங்கள்

இக்காதையைப் போற்றுவதோடு ஆய்வு நின்றுவிடலாகாது. சாத்தனாரின் பார்வை நகரத்து வணிகரின் பார்வை. நாகர் தலைவன் தன் துணையோடு அமர்ந்திருத்தலைக் கரடி இணைக்கு ஒப்பிடும் உவமை, அவர்களை மனித நிலையிலிருந்து ஒருபடி கீழிறக்குகிறது. கொடையாக அளிக்கப்பட்ட இளநங்கைக்குக் குரல் இல்லை. சாதுவன் அவளை மறுப்பது தன் ஒழுக்கத்தின் பொருட்டே. அவள் விருப்பம் அங்குப் பேசப்படவில்லை.

இவற்றினும் பெரிய மௌனம் ஒன்று உண்டு. உண்ணப்பட்டோரின் பொருள்கள் அவர்களின் சுற்றத்தாரைச் சென்றடைவதில்லை. அவை திருத்தியவனாகிய சாதுவனுக்கே உரியனவாகின்றன. அப்பொருளோடு சந்திரதத்தன் என்னும் வணிகனின் கலத்தில் ஏறி அவன் ஊர் திரும்புகிறான். தீங்கிழைத்தோன் மாறினான், திருத்தியோன் செல்வனானான். தீங்குற்றோர் கதையிலிருந்து மறைந்துவிட்டனர். பரிவைப் பற்றிய எந்த ஆய்வும் இவ்விடத்தில் நின்று கேள்வி எழுப்ப வேண்டும்.

இக்குறையைக் காவியமே பின்னர் ஒருவாறு நிறைவு செய்கிறது எனலாம். ‘சிறைவிடு காதை’யில், மகனை இழந்த துயரால் இராசமாதேவி மணிமேகலைக்குப் பல தீங்குகளைச் செய்கிறாள்: அறிவை மயக்கும் மருந்து ஊட்டுகிறாள், கல்லாத இளைஞன் ஒருவனை ஏவுகிறாள், அறையில் அடைத்து வைக்கிறாள். இறுதியில் நடுங்கி நிற்கும் அரசியை மணிமேகலை தண்டிக்கவில்லை. ஆனால் அரசி செய்த தீங்குகளை அவள்முன் எடுத்துரைத்த பின்னரே அறம் உரைக்கிறாள். இங்குப் பரிவு காட்டுபவள் தீங்குற்றவளே; தீங்குக்குப் பெயரிடும் உரிமையும் அவளிடமே உள்ளது. நாகர் நிகழ்வில் விடுபட்ட கூறு இதுவே.

இக்காலத்து அனுபவம் ஒன்றும் இதனை வலியுறுத்துகிறது. கனடாவின் மானிடோபா மாநிலத்தில் ஹாலோ வாட்டர் என்னும் தொல்குடி ஊரினர், தம்முள் பரவியிருந்த பாலியல் வன்கொடுமையைச் சிறையால் மட்டும் தீர்க்க இயலாது எனக் கண்டு, 1980-களில் 13 படிநிலைகள் கொண்ட வட்ட அமர்வு முறையை உருவாக்கினர். தீங்கிழைத்தோர் ஊரார்முன் தம் செயலை ஒப்ப வேண்டும். தீங்குற்றோரின் பாதுகாப்பும் சொல்லும் அம்முறையில் முதன்மை பெற்றன. அங்குப் பரிவு என்பது குற்றத்தை மூடிமறைத்தல் எனப் பொருள்படவில்லை.

5. சிகிச்சையின் பெயரால்: குற்றப் பரம்பரைச் சட்டம்

மேற்கண்ட அளவுகோலோடு இராமநாதபுர மண்ணுக்கு வருவோம். 1871-இல் வட இந்தியாவில் தொடங்கிய குற்றப் பரம்பரைச் சட்டம் 1911-ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வழியாகச் சென்னை மாகாணத்திற்கு விரிந்தது. மதுரைப் பகுதியில் பிரமலைக் கள்ளர் மீது அது ஏவப்பட்டபோது, கைரேகைப் பதிவை எதிர்த்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று நடந்த துப்பாக்கிச் சூட்டில் மாயக்காள் என்னும் பெண் உள்ளிட்ட 16 பேர் உயிரிழந்தனர். 1929-இல் அச்சட்டம் ஆப்பநாட்டு மறவர் மீதும் பாய்ந்தது. முத்துராமலிங்கத் தேவர் அதனை எதிர்த்து ஊர்தோறும் இயக்கம் நடத்தினார். சென்னை மாகாணத்தில் 1947-இலும், நாடு முழுவதும் 1952-இலும் சட்டம் நீக்கப்பட்டது.

சட்டத்தின் கொடுமை நன்கு அறியப்பட்டது. குறைவாகவே பேசப்பட்டது அதன் பரிவு மொழி. ‘கள்ளர் சீரமைப்பு’ என்ற பெயரில் பள்ளிகள் திறக்கப்பட்டன. மாகாணத்தின் ஆந்திரப் பகுதியில் ஸ்டூவர்ட்புரம் போன்ற குடியேற்றங்கள் இரட்சணிய சேனையின் பொறுப்பில் விடப்பட்டன. அச்சேனையின் தலைவர்களுள் ஒருவரான பூத்-டக்கர் தம் நூலொன்றுக்கு இட்ட ‘கிரிமினோக்யூராலஜி’ என்னும் தலைப்பு, குற்றத்தை நோயாகவும் திருத்தத்தைச் சிகிச்சையாகவும் கண்ட மனப்பாங்கை ஒரே சொல்லில் காட்டுகிறது. பள்ளிகளால் விளைந்த கல்விப் பயனை மறுக்க இயலாது. எனினும் பள்ளிக்கு அழைத்த அதே அரசு, பெற்றோரின் கைரேகையைப் பதிவு செய்து, இரவில் காவல் நிலையத்திற்கும் அழைத்தது.

சாதுவன் உரையாடலின் கூறுகளை இதனோடு ஒப்பிட்டால் முரண் தெளிவாகும். சட்டத்தின் மொழி அம்மக்களின் மொழியன்று. எதிர்வினாவிற்கு இடமில்லை, ஒரு குழுவைக் குற்றப் பரம்பரை என அறிவித்த முடிவை நீதிமன்றத்தில் வினவும் வழியைச் சட்டமே அடைத்திருந்தது. தீங்கின் அளவைப் பிரித்தறியும் நோக்கும் இல்லை. திருடியவனும் திருடாதவனும், பிறந்த குழந்தையும் ஒரே பட்டியலில் அடங்கினர். காவற் பணியும் அதற்குரிய ஊதியமும் கம்பெனி ஆட்சியில் பறிக்கப்பட்டமை அப்பட்டியலில் எங்கும் இடம்பெறவில்லை. நாகர் தலைவன் தானே முன்வந்து ஒப்பினான். இங்கு ஒப்புதலுக்கு முன்பே தீர்ப்பு எழுதப்பட்டிருந்தது.

மாற்றுப் பரிவுக்கும் அக்காலத்திலேயே சான்று உண்டு. மதுரையில் வழக்குரைஞராக இருந்த ஜார்ஜ் ஜோசப் இச்சட்டத்திற்கு எதிராகக் கள்ளர் சார்பில் வாதாடினார். அவரை அம்மக்கள் ‘ரோசாப்பூ துரை’ என அன்புடன் அழைத்தனர். அவர் எவரையும் திருத்தப் புகவில்லை, அவர்களுக்காகப் பேசினார். எனினும் அவருக்கே அம்மக்கள் தம் மொழியில் ஒரு பெயர் சூட்டினர் என்பது, பரிவை அடையாளம் காணும் ஆற்றல் பெறுவோரிடமே உள்ளது என்பதற்குச் சான்று.

சட்டம் நீங்கினாலும் சொல் நீங்கவில்லை. ‘குற்றப் பரம்பரை’ என்பதற்கு மாற்றாக இன்று அரசு ஆவணங்களில் வழங்கும் ‘சீர்மரபினர்’ என்னும் சொல், இழிவை நீக்கும் நல்நோக்கம் கொண்டது. எனினும் இரு சொற்களும் ஒழுக்கத்தைப் பிறப்போடு பிணைக்கின்றன: முன்னதில் குற்றம் பரம்பரையாகிறது, பின்னதில் சீர் மரபாகிறது. பெருநாழியைச் சேர்ந்த வேல ராமமூர்த்தி தம் நாவலுக்குக் ‘குற்றப் பரம்பரை’ என்றே பெயரிட்டதை, மென்மையாக்கப்பட்ட சொல்லுக்குப் பின்னால் வரலாறு மறைந்துவிடாமல் தடுக்கும் செயலாகக் கொள்ளலாம்.

நான்காம் பகுதியில் எழுப்பிய வினாவும் இம்மண்ணில் தவிர்க்க இயலாதது. 1957-இல் முதுகுளத்தூர்க் கலவரம் நிகழ்ந்த நிலம் இது. அரசால் தீங்குற்ற ஒரு சமூகம் பிறிதொரு சமூகத்திற்குத் தீங்கிழைக்கவும் கூடும். ஓர் அநீதியை நினைவுகூர்தல் மற்றோர் அநீதியை மறத்தலுக்குத் துணையாகிவிடக் கூடாது. கைரேகைச் சட்டத்தின் நினைவு எவ்வளவு இன்றியமையாததோ, சாதியக் கொடுமைக்கு ஆளான ஒடுக்கப்பட்டோரின் சொல்லுக்கு இடமளிப்பதும் அவ்வளவு இன்றியமையாதது. சாதுவன் திரும்பிய கலத்தில் இடம்பெறாதவர்கள் நம் ஆய்வுகளிலும் இடம்பெறாமல் போகலாகாது.

6. பாம்பன் கடலில் ஓர் உடன்படிக்கை

இயலும் அறம் என்பது காவியக் கற்பனை மட்டும் அன்று என்பதற்கு அதே மாவட்டத்தின் கடற்கரை சான்று தருகிறது. இங்குப் பேசப்படும் தீங்கு இயற்கைக்கு நேர்வது. அளவிலும் வகையிலும் முன்னவற்றினின்று வேறுபட்டது. ஆயினும் ஒரு குழுவினரைத் தீங்கிழைப்போர் என வகுக்கும் முறை ஒன்றே. இராமேசுவரத்திற்கும் தூத்துக்குடிக்கும் இடைப்பட்ட 21 தீவுகளை உள்ளடக்கி, 1986-இல் மன்னார் வளைகுடாக் கடல்சார் தேசியப் பூங்கா அமைக்கப்பட்டது. தலைமுறைகளாகத் தீவுகளைச் சுற்றிக் கடற்பாசி எடுத்து வாழ்ந்த மீனவப் பெண்கள் இதனால் அத்துமீறுவோராயினர். ஒருபுறம் பவளப் பாறைகளின் அழிவு. மறுபுறம் அன்றாட உணவு.

பாம்பன் அருகிலுள்ள சின்னப்பாலம் உள்ளிட்ட ஊர்களின் பெண்கள் தமக்குள் கூடிப் பேசி, மாதத்தில் 12 நாட்கள் மட்டுமே பாசி எடுப்பது எனவும், பாறையைச் சுரண்டும் உலோகக் கருவிகளைத் தவிர்ப்பது எனவும் கட்டுப்பாடு வகுத்துக்கொண்டனர். இம்முயற்சியில் முன்னின்ற இலட்சுமி மூர்த்திக்கு 2015-இல் சீக்காலஜி விருது வழங்கப்பட்டது. பாசி எடுப்பதை முற்றிலும் விட்டால் உயிர்வாழ இயலாது. ஆயின் இவ்வளவில் நிறுத்த இயலும் என்பதே அவர்களது நிலைப்பாடு. கள்ளும் ஊனும் விட இயலாது என்ற நாகர் தலைவனின் நேர்மையான சொல்லோடு இது நெருங்கி நிற்கிறது. வேறுபாடு ஒன்றே: இங்குச் சாதுவன் வரவில்லை. அறத்தை வகுத்தவர்கள் அதனைக் கடைப்பிடிப்போரே.

முடிவுரை

தீங்கிழைக்கும் குழுவினரைப் பரிவு மாற்றக்கூடும் என்பதே மணிமேகலை தரும் விடை. ஆனால் எல்லாப் பரிவும் மாற்றுவதில்லை. அவர்தம் மொழியில் பேசுவதும், எதிர்வினாவைச் சினமின்றி ஏற்பதும், அவர்தம் வாழ்வுக்குள் இயலும் அறத்தை நாடுவதும் ஆகிய பரிவே மாற்றுகிறது. தீங்குற்றோரின் சொல் அதில் முதலிடம் பெறும்போதுதான் அது முழுமையடைகிறது. இக்கூறு சாதுவன் நிகழ்வில் விடுபட்டு, இராசமாதேவி நிகழ்வில் நிறைவு பெறுகிறது. குற்றப் பரம்பரைச் சட்டம் பரிவின் சொற்களைக் கொண்டிருந்தும் இந்நான்கனுள் ஒன்றையும் கொண்டிருக்கவில்லை.

காவியத்தில் பின்னொரு காதை ‘சிறைக்கோட்டம் அறக்கோட்டம் ஆக்கிய காதை’ எனப் பெயர் பெறுகிறது. மணிமேகலையின் வேண்டுகோளை ஏற்று மாவண்கிள்ளி சிறையை அறச்சாலையாக மாற்றுகிறான். அதே அரசன்தான் சில காதைகளுக்குப் பின் அவளையே காவலில் வைக்கிறான். அரசு அருளும் பரிவு அரசின் மனநிலையோடு மாறிவிடும் என்பதைச் சாத்தனார் அறிந்திருந்தார். இருபதாம் நூற்றாண்டில் இராமநாதபுரத்து ஊர்களைச் சிறைக்கோட்டமாக்கிய ஆட்சி, அவற்றிற்கு அறக்கோட்டம் என்றே பெயர் சூட்டியது. பெயருக்கும் பொருளுக்கும் இடையிலான இவ்வேறுபாட்டைக் கண்டுணர்த்துவது, சீர்திருத்தம் பற்றிய இனிவரும் தமிழ் ஆய்வுகளின் கடமையாகும்.